பத்தாவது ஆள்

ஆன்ட்வெர்ப் நீதிமன்றம் என்னை விடுவித்து
ஏழு வருஷம் ஆகிறது.
முத்திரை குத்திய தாள்
மின்கட்டண ரசீதுகளோடு அதே கோப்பில் இருக்கிறது.

லைசர் இன்னும் என் கணவன்.
பன்னிரண்டு வரி விலக்குச்சீட்டை
மனம் ஒப்பி அவன் என் கையில் போட வேண்டும்,
அதுதான் எங்கள் சட்டம்.
மனமில்லை என்கிறான்.
வீட்டின் என் பாதியை எழுதிக்கொடுத்தால்
மனம் வரலாம் என்கிறான்.

நீதிபதி நல்ல மனுஷி.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவருடைய மத சுதந்திரத்தில் கை வைக்க முடியாது
என்று கையை விரித்தார்.
ரப்பியும் நல்ல மனுஷர்.
மனமில்லாதவனிடம் வாங்கிய சீட்டு செல்லாது
என்று அவரும் விரித்தார்.
இரண்டு நல்லவர்கள்,
நாலு வெறுங்கைகள்.

மருந்துக்கடையில் கோடலீவ் கேட்டாள்:
"யாரும் உன்னைக் கட்டிப்போடவில்லையே ஹிண்டா,
அந்தப் பொய்முடியைக் கழற்று, வெளியே வா.
கதவு திறந்துதானே கிடக்கிறது?"
அவள் அன்பில் குறையில்லை.
இருமல் மருந்தை அடுக்கிக்கொண்டே
பதில் தேடினேன்.
எனக்குக் கதவு வேண்டாம், கோடலீவ்.
உள்ளேயே நிமிர்ந்து நிற்க
உயரம் வேண்டும்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு திரி ஏற்றி
கையால் கண்ணை மூடுகிறேனே,
அந்த இருட்டு என்னுடையது.
அதைக் கொடுத்துவிட்டு மீண்டு வா என்றால்
நீயும் லைசரும் ஒரே பேரம்.
சொல்லவில்லை.
சொன்னால் அழுதுவிடுவாள்.

எங்கள் பெண்களுக்குச் சொல்லித்தராத புத்தகங்கள்.
தம்பி வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து
எழுத்துக்கூட்டிப் படித்தேன், இரண்டு குளிர்காலம்.
ஓர் ஓரக்குறிப்பில் கிடைத்தது.
அடிக்காதே, பூட்டிவைக்காதே.
ஆனால் இப்படிப்பட்டவனோடு பேச
யாருக்கும் கட்டாயமில்லை.
அவனுக்கு விற்க, விருந்து வைக்க,
கூட்டத்தில் அவனை எண்ண
கட்டாயமில்லை.
எண்ணூறு வருஷத்து மை.
கடை ரசீதை அடையாளம் வைத்து
ரப்பியின் மேசையில் திறந்து வைத்தேன்.
வெகுநேரம் படித்தார்.
அவருக்குத் தெரியாத பக்கமில்லை அது.
காது சிவந்ததில் தெரிந்தது.

சனிக்கிழமை.
எங்கள் தெருவின் சின்ன ஜெபக்கூடம்
மழை வந்தால் பத்துக்குத் தடுமாறும்.
கீழே ஒன்பது ஆண்கள்.
நனைந்தபடி லைசர் வந்தான்.
தலையை எண்ணக்கூடாது எங்களில்.
பத்துச் சொல் வசனம் ஒன்றை
ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வார்கள்.
ரப்பி ஒன்பதாம் சொல்லில் நின்றார்.
பத்தாவதை
லைசரின் முகத்தைப் பார்த்தபடி விழுங்கினார்.
புத்தகங்கள் மூடும் ஓசை.
சுருள் பேழைக்குள்ளேயே இருந்தது.

மேலே, திரைக்குப் பின்னால், நாங்கள் ஏழு பேர்.
ஓட்டையில் கண் வைத்திருந்த ரைட்செல்
மெல்லக் கேட்டாள்:
கீழே ஒன்பது, இங்கே ஏழு.
பதினாறு பேர் இருக்கிறோம்,
பத்தவில்லையா?
யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.
எனக்குக் கிடைத்த நியாயம்
என்னை எண்ணாத கணக்கில் கிடைத்தது.

மூன்று சனிக்கிழமை.
ரொட்டிக்கடைக்காரர் அவனைக் கண்ணாடி போலக் கடந்து
அடுத்த ஆளைப் பார்த்தார்.
நான்காவது வாரம் எழுத்தரை அழைத்தான்.

இறகுப்பேனா.
ஊரின் பெயர், பிறகு ஊர் உட்கார்ந்திருக்கும் ஆறு,
ஷெல்ட். அதையும் எழுத வேண்டும்.
ஆறு சாட்சிக்கு வருமா, கேட்கவில்லை.
மோதிரம் இருந்தால் கழற்றுங்கள் என்றார்கள்.
கையை விரியுங்கள்.
மூடக்கூடாது.

விழுந்தது.
மாத்திரை அட்டை கனம்கூட இல்லை.
அக்குளில் இடுக்கி நாலடி நடக்கச் சொன்னார்கள்.
சுவர் வரைக்கும் போனேன்.
இனி நீ எந்த ஆணுக்கும் உரியவளாகலாம்
என்கிறது சீட்டு.
எந்த ஆணுக்கும்!
அந்த வரியோடு எனக்குச் சண்டை இருக்கிறது.
தம்பியின் அலமாரியில் இன்னும் பதினோரு புத்தகம்.

இந்தச் சனிக்கிழமையும் மேலேதான் உட்கார்ந்தேன்.
ரைட்செல் திரையை ஒரு சாண் விலக்கியிருந்தாள்.
லைசர் வேறு கூடத்துக்குப் போகிறானாம்.
வெளியே மழை.
கீழே ஒன்பது பேர்,
வாசலையே பார்த்தபடி.